விழ வேண்டிய இறக்கை

மூன்றாவது ஒத்திகையில் ராவணன் நாலு தடவை வாளை வீசினான். சடாயுவின் இறக்கை விழவே இல்லை. ஐந்தாவது வீச்சில் ராவணனே பொறுமை இழந்து, "டேய், விழுடா" என்று பல்லைக் கடித்தது கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்டது. சீதை சிரித்துவிட்டாள். நான் மேடை ஓரத்தில் கையில் ஊசி நூலோடு நின்றேன். ஒன்றரை மாத வேலை தோளில் அசையாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

என் பிள்ளைகளில் பெரியவன் ஒன்பதாவது படிக்கிறான், சடாயு அவன்தான். ஆண்டுவிழாவுக்குத் தமிழய்யா 12 நிமிட நாடகம் எழுதியிருந்தார்: ராவணன் சீதையைத் தூக்கிக்கொண்டு போவது, சடாயு மறிப்பது, சண்டை, இறக்கை வெட்டுப்பட்டு விழுவது. நான் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ரவிக்கை, சுடிதார், யூனிஃபார்ம் தைக்கிறவள். "உங்கம்மாதான் தைப்பாங்களே" என்று பேச்சு வந்ததும் இவன் தலையாட்டிவிட்டு வந்துவிட்டான். டிரஸ் வாடகைக் கடைக்குப் போய்ப் பார்த்தேன். இருந்தது ஒரே ஜோடி, தேவதை இறக்கை, வெள்ளைக் கோழி இறகு ஒட்டியது. அதைக் கட்டிக்கொண்டு ராவணனோடு சண்டைக்குப் போக முடியாது.

நிறத்திலேயே முதல் தகராறு. "கழுகரசன்மா, தங்கமா மின்னணும்" என்றார் ஐயா. இவன் பாறுகளின், அதாவது பிணந்தின்னிக் கழுகுகளின், படங்களை எடுத்து வைத்துக்கொண்டு ஒத்தைக் காலில் நின்றான். மாயாறு பள்ளத்தாக்கில் இன்னும் மிச்சமிருக்கும் வெண்முதுகுப் பாறு பறக்கும்போது கீழிருந்து பார்த்தால், இறக்கையின் முன்பாதி பளீர் வெள்ளை, பின்பாதியில் நீட்டிக்கொண்டிருக்கும் இறகெல்லாம் கறுப்பு. நுனியில் அந்த இறகுகள் விரல் விரித்த மாதிரி பிரிந்து நிற்கும். ஒரு படத்தைப் பார்த்ததும் நான் மகன் கட்சிக்கு மாறிவிட்டேன். மேடையில் கையை விரிக்கும்போது ஜனங்களுக்குத் தெரியப் போவது இறக்கையின் உள்பக்கம்தான். அங்கே வெள்ளையும் கறுப்பும், வெளிப்பக்கம் பழுப்பு, தலையில் ஐயாவுக்காக ஒரு தங்கக் கிரீடம் என்று பஞ்சாயத்து முடிந்தது.

சட்டத்துக்கு முதலில் ஜிஐ கம்பியை வளைத்தேன். துணி ஏறியதும் வாழையிலை மாதிரி தொங்கிப்போனது. அடுத்து மூங்கில் பிளாச்சு. நன்றாக நின்றது, ஆனால் மீன்காரர் தொங்கவிட்டு நிறுக்கும் தராசைக் கடன் வாங்கி நிறுத்தால் ஒரு பக்க இறக்கை 1 கிலோ 900 கிராம். கேட்க ஒன்றுமில்லைதான். ஆனால் நாலு அடி நீளத்துக்கு நீட்டிப் பிடித்தால் பையன் தோள் இரண்டே நிமிடத்தில் நடுங்கியது. ஒரே எடை தோளோரம் இருந்தால் தெரியாது, நுனியில் இருந்தால் ஆளைச் சாய்த்துவிடும். நிறைகுடத்தை இடுப்பில் வைத்துப் பாருங்கள், கையை நீட்டிப் பிடித்துப் பாருங்கள், அதே கணக்கு.

ஆகவே நுனியில் இருந்த மூங்கிலை எல்லாம் கழற்றி எறிந்தேன். தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் எலக்ட்ரீஷியன்கள் சுவரில் பதிக்கும் 20 எம்எம் பிவிசி பைப். அதைச் சும்மா சூடுகாட்டி வளைத்தால் மடங்கி நசுங்கும். உள்ளே மணலைத் திணித்து இரண்டு பக்கமும் துணியால் அடைத்துவிட்டு, அடுப்பு மேலே தள்ளிப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருந்தால் பனங்கிழங்கு நார் மாதிரி இளகிவிடும். நினைத்த வளைவு கிடைத்ததும் ஈரத் துணியைச் சுற்றினால் அப்படியே நிற்கும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், அந்தப் புகை நல்லதில்லை. மணிக்கட்டுக்கு அப்பால் சட்டமே கிடையாது, இறகுகளே தம்மைத் தாங்கிக்கொள்ள வேண்டும். அதற்குத் தென்னை ஈர்க்கு. வீட்டில் புது விளக்குமாறு ஒன்று இதற்காகவே உயிர்விட்டது. ஒவ்வொரு இறகிலும் ரெட்டைத் தையல் போட்டு ஒரு சுரங்கம், அதற்குள் ஓர் ஈர்க்கு. இப்படிச் செய்ததில் எடை 1 கிலோ 100க்கு இறங்கியது.

தோளில் கட்டும் பட்டை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் அம்மா வீடு செய்யாறு பக்கம். சின்ன வயதில் புரிசைக் கூத்து பார்த்திருக்கிறேன். புஜக்கட்டை, கிரீடம் எல்லாம் கல்யாண முருங்கை மாதிரி எடையில்லாத மரத்தில் செதுக்கிக் கண்ணாடி பதித்தவை. விடிய விடிய ஆடுகிறவர்கள் அதைத் தோளில் 'மாட்டிக்கொள்வது' இல்லை, கயிறு போட்டு உடம்போடு இறுக்கிக் 'கட்டுவார்கள்'. வேஷம் கட்டுவது என்ற சொல்லே அப்படி வந்ததுதானோ என்று எனக்கு ஒரு எண்ணம். பழைய ஸ்கூல் பேக் ஒன்றின் தோள்வார்களை மட்டும் வைத்துத் தைத்தபோது இறக்கை முன்னும் பின்னும் ஆடியது. இடுப்பைச் சுற்றி நாலு அங்குல அகலத்தில் ஒரு பெல்ட் தைத்து, முதுகில் ஒரு ப்ளைவுட் பலகையோடு அதை இணைத்ததும் பாரம் தோளை விட்டு இடுப்புக்கு இறங்கிவிட்டது. "அம்மா, இப்பதான் பறவை மாதிரி இருக்கு" என்றான்.

இனி துணி. என் பொழுதில் பாதியைத் தின்றது இதுதான். மனசு நிறைந்ததும் இதில்தான்.

கறுப்புத் துணியைக் கடையில் வாங்கி வெட்டினாலே போதும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு மீட்டர் வாங்கி வெட்டியும் பார்த்தேன். வெட்டின குடை மாதிரி இருந்தது. பாறின் இறகில் கறுப்பு ஒரே கறுப்பாக இல்லை. நடுவில் அடர்ந்து, ஓரத்தில் சாம்பல் பழுப்பாக வெளுத்திருக்கும். அப்போதுதான் சிக்கல்நாயக்கன்பேட்டை ஞாபகம் வந்தது. கும்பகோணத்திலிருந்து தூரமில்லை. கோயிலில் உருளையாகத் தொங்கும் தொம்பை, தோரணம், பந்தல் துணி எல்லாவற்றுக்கும் கையால் கலம்காரி, அதாவது குச்சியால் துணியில் வரையும் சித்திரம், எழுதுகிற குடும்பங்கள் உள்ள ஊர். அந்தக் கறுப்பு டப்பாவில் வருவதில்லை. துணிக்குள்ளேயே பிறக்கிறது.

முறை இதுதான். முதலில் காடாத் துணியைச் சோடாவும் சோப்பும் போட்டு வேகவைத்துக் கஞ்சியைப் போக்க வேண்டும். அவசரத்தில் இதை ஒழுங்காகச் செய்யாமல் விட்ட முதல் துண்டில் சாயம் தேமல் மாதிரி திட்டுத் திட்டாகப் பிடித்தது. பிறகு கொட்டை நீக்கிய கடுக்காய்த் தூளைக் காய்ச்சாத எருமைப்பாலில் கலந்து துணியை முக்கிப் பிழிந்து வெயிலில் உலர்த்த வேண்டும். மூன்று மீட்டர் துணிக்கு நான் போட்டது 200 கிராம் கடுக்காய், ஒரு லிட்டர் பால். பால் எதற்கு என்றால், அதிலுள்ள கொழுப்பு நூலின் மேல் படிந்து, எழுதும் கோடு பரவாமல் காக்கும். முதல் தடவை பாக்கெட் பாலில் தண்ணீரையும் ஊற்றிச் சிக்கனம் பிடித்தேன். எழுதின கோடெல்லாம் மை ஒற்றும் தாளில் விழுந்த சொட்டு மாதிரி படர்ந்தது. கடுக்காய் எனக்கே கடுக்காய் கொடுத்துவிட்டது. இரண்டாம் தடவை பால்காரரிடம் சொல்லி வைத்து எருமைப்பாலே வாங்கினேன். மொட்டைமாடியில் காயப்போட்ட துணிக்கு இரண்டு பூனைகள் காவல்.

இன்னொரு பக்கம் ஒரு மண்பானையில் துருப்பிடித்த ஆணி, பழைய கீல், ஓர் உடைந்த அரிவாள்மணை, வெல்லம், தண்ணீர். வாயைத் துணியால் கட்டி 18 நாள் வைத்தேன். நுரைக்கும், நாறும், அதற்காக மாமியார் பேசுவதும் உண்டு. வடிகட்டினால் கிடைப்பது கலங்கிய பழுப்புத் தண்ணீர், பார்த்தால் கறுப்பே இல்லை. அதை மூங்கில் குச்சி நுனியில் துணி சுற்றிய கலத்தால் தொட்டுக் கடுக்காய்த் துணியில் இழுக்கிறீர்கள். கோடு போட்ட கை திரும்புவதற்குள் பழுப்பு சாம்பலாகி, சாம்பல் கறுப்பாகிறது. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்து காற்றுப் படும்போது நடக்கிற காரியம். தாளில் எழுதின பழைய இரும்பு மைக்கும் இதே இயல்புதான். முதல் இறகில் இதைப் பார்த்தபோது சின்னவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் மறுபடி மறுபடி கோடு போடச் சொல்லி ஒரு துண்டுத் துணியையே வீணாக்கினான். நானும் தடுக்கவில்லை.

ஓர் எச்சரிக்கை. இரும்பைத் தாராளமாக விட்டுவிட்டு அலசாமல் வைத்தால் நாளாக ஆகத் துணி நைந்துபோகும். பழைய கலம்காரித் துணிகளில் கறுப்புக் கோடு ஓடின இடம் மட்டும் பொத்தலாக இருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒரு நாள் ஆறப்போட்டு, மிச்ச இரும்பு போகும் வரைக்கும் ஓடும் தண்ணீரில் அலசினேன். அப்படியும் தொட்டால் கையில் லேசாகக் கறை ஒட்டியது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்திருக்க வேண்டும்.

வெளிப்பக்கப் பழுப்புக்கு டீக்கடையில் ஒரு வாளிச் சக்கை வாங்கிவந்து கொதிக்கவைத்து மூன்று தடவை முக்கினேன். அதில் கதை ஒன்றுமில்லை. நன்றாக வந்தது.

இறகுகளை வரிசைப்படுத்துவது ஓடு வேய்கிற வேலைதான். கீழ் வரிசையை முதலில் தைத்து, அதன் தலையை மூடும்படி மேல் வரிசை, அதற்கு மேல் அடுத்தது. ஒரு இறக்கைக்கு நுனியில் பத்து நீள இறகு, அதை ஒட்டிப் பதினாலு நடுத்தர இறகு, அப்புறம் அரைவட்டம் அரைவட்டமாக வெட்டிய வெள்ளைத் துணிப் பட்டைகள் ஆறு வரிசை. நுனி இறகுகளில் ஈர்க்கை நடுவில் வைக்கவில்லை. நிஜ இறகில் முன்னோரம் குறுகலாகவும் பின்னோரம் அகலமாகவும் இருக்கும் என்று பெரியவன் காக்கை இறகு ஒன்றை எடுத்துவந்து காட்டினான். அந்தச் சின்ன மாற்றத்தில் துணிக்கு உயிர் வந்துவிட்டது. நடுவில் வைத்துத் தைத்த முதல் நாலும் வாழைத்தண்டுச் சீவல் மாதிரி இருந்தன, பிரித்துப் போட்டேன்.

அடுத்தது என் முட்டாள்தனம். இறகின் நுண்ணிழைகளை மெல்லிய கோடுகளாக, நாலு ராத்திரி, கண்ணைக் கொட்டாமல் எழுதினேன். கையில் வைத்துப் பார்த்தவர்கள் எல்லாம் அடடா என்றார்கள். பிறகு ஐயா பள்ளிக்கூட மேடையில் விளக்கைப் போட்டுப் பையனை நிறுத்தச் சொன்னார். முப்பது அடி தள்ளிப் போய்த் திரும்பிப் பார்த்தேன், ஒன்றுமே தெரியவில்லை. நாலு ராத்திரியும் ஒரே கறுப்புத் திட்டு. ஓரங்களுக்குப் பூசியிருந்த வெளிர்மஞ்சளை மஞ்சள் விளக்கு முழுங்கிவிட்டிருந்தது. ஐயா, "பரவாயில்லம்மா, சாமிக்குத் தெரியும்" என்றார். சாமிக்குத் தெரியட்டும், கடைசி பெஞ்சுக்குத் தெரிய வேண்டாமா?

மறுநாள் ஒவ்வொரு நீள இறகின் ஓரத்திலும் வெள்ளை அக்ரிலிக் பெயிண்டை முக்கால் அங்குல அகலத்தில் கரடுமுரடாக இழுத்தேன். கிட்டத்தில் பார்த்தால் சுவருக்கு வெள்ளையடித்த கை. முப்பது அடியில் ஒவ்வொரு இறகும் தனித்தனியாகப் பிரிந்து நின்றது. கூத்து முகத்தில் அரிதாரத்தின் மேல் ஏன் அவ்வளவு தடிமனாகக் கோடு இழுக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. பெயிண்ட் காய்ந்ததும் மேலே பருத்தித் துணி போட்டு இஸ்திரி வைத்தேன். சூடு பட்டால் பெயிண்ட் துணியில் நன்றாகப் பிடிக்கும்.

இப்போது விழாத இறக்கைக்கு வருகிறேன்.

முதுகுப் பலகையில் இடது தோள் பக்கம் ஒரு பைப் ஜாயிண்ட் திருகியிருந்தேன். இறக்கையின் பைப் அதற்குள் மூன்று அங்குலம் நுழையும். இரண்டுக்கும் குறுக்கே ஓர் ஓட்டை, அதில் ஓர் ஆணி. ஆணியில் தூண்டில் நரம்பு, அதன் மறுமுனை பையனின் வலது விரலில். வாள் வந்ததும் விரலை இழுத்தால் ஆணி உருவும், இறக்கை விழும். வீட்டில் கட்டிலில் வைத்துப் பார்த்தபோது பத்துக்குப் பத்து விழுந்தது. தோளில் ஏறியதும் மாட்டிக்கொண்டது. ஆறாவது இழுப்பில் நரம்பே அறுந்தது.

சைக்கிள் கடை அண்ணனிடம் கொண்டுபோனேன். ஒரு ட்யூப் ஒட்டிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார்.

"கட்டில்ல விழுந்துச்சு, தோள்ல விழலையா?"

"ஆமாண்ணே."

"கட்டில்ல எடை கட்டில் மேல. தோள்ல எடை ஆணி மேல. ஆணியக் கவ்விப் பிடிச்சுக்கிட்டு வான்னா எப்படிம்மா வரும்?"

அவ்வளவுதான் விஷயம். நாலு அடி இறக்கையின் பாரம் பைப்பைக் கோணலாக இழுக்கிறது, ஓட்டைகள் இரண்டும் ஆணியைக் கத்தரிக்கோல் மாதிரி கவ்வுகின்றன. பலமாக இழுக்க வேண்டியதில்லை, இழுக்கும் நேரத்தில் ஆணியின் மேல் பாரம் இல்லாமல் செய்ய வேண்டும். அதைச் செய்யக்கூடியது பையனின் இடது கைதான். இறக்கையின் பிடி அவன் கையில்தானே இருக்கிறது. ஒரு விரற்கடை தூக்கிக் கொடுத்தால் போதும், ஆணி விடுதலை.

தூண்டில் நரம்புக்குப் பதிலாகச் சைக்கிள் பிரேக் கேபிளை அவர்தான் சொன்னார். நரம்பு வளைவுகளில் உரசி நின்றுவிடும். கேபிளுக்கு மேலுறை இருப்பதால் எப்படி வளைத்துக் கொண்டுபோனாலும் உள்கம்பி ஓடும். பழைய பெரிய சைக்கிள்களில் கம்பி பிரேக்தான் இருக்கும், பிள்ளைகள் ஓட்டும் சைக்கிளின் பின்சக்கரக் கேபிள் நீளத்துக்குச் சரியாக வந்தது. பிரேக் கைப்பிடியை வலது இறக்கையின் பிடியோடு கட்டினோம். ஆணிக்குப் பதில் ஒரு சைக்கிள் ஸ்போக் துண்டு, வழவழவென்று. கைப்பிடியை அழுத்தினால் கேபிள் ஓர் அங்குலம்கூட நகராது. அதனால் ஸ்போக் அரை அங்குலம் மட்டும் உள்ளே நிற்கும்படி வெட்டினார். மூன்று அங்குலம் நுழைந்திருந்த பைப்பை ஓர் அங்குலமாக அறுத்துக் குறைத்து, வாயில் மெழுகுவத்தியைத் தேய்த்து, ஜாயிண்ட்டைக் கொஞ்சம் வெளிப்பக்கம் சரித்து வைத்தோம், தானாகவே வழுக்கிப் போக. கேபிளுக்கு மட்டும் காசு வாங்கினார்.

அதற்கப்புறம் பையனுக்குப் பாடம்: தூக்கு, அழுத்து, விடு. மேளம் அடிக்கும் பையனிடம் சொல்லி மூன்றுக்கும் மூன்று அடி. ராவணனின் வாள் இரண்டாவது அடியில் கடக்க வேண்டும். வீட்டு முற்றத்தில் நாற்பது தடவையாவது வெட்டியிருப்பார்கள். சின்னவன்தான் ராவணன், கையில் தேங்காய் மட்டை.

ரத்தம் ஒன்று பாக்கி. சாயத் தண்ணீர் கூடாது, மேடைக் கம்பளம் வாடகை. சிவப்புத் துணிப் பட்டை ஒன்றைக் கொசுவம் மாதிரி மடித்துத் தோள் பையில் வைத்து, நுனியை விழும் இறக்கையோடு தைத்துவிட்டால், இறக்கை போகப் போகச் சிவப்பு நீளும் என்று தோன்றியது. மல் துணியில் ஒன்பது அடி, நாலு அங்குல அகலம். இயற்கைச் சாயத்தில் தலைக்கனம் ஏறியிருந்ததால் ஆரத்தி கரைக்கிற மாதிரி மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்து முக்கினேன். குங்குமச் சிவப்பு! காய்ந்து அலசினால் துணி மஞ்சளாகிச் சிரிக்கிறது. சுண்ணாம்பின் காரம் இருக்கும் வரைக்கும்தான் மஞ்சள் சிவக்கும், காரம் போனால் பழைய குணம். தோற்றதை ஒப்புக்கொண்டு கடையில் சூடாக்காத தண்ணீரிலேயே பிடிக்கும் சிவப்புச் சாயப் பொட்டலம் வாங்கி, உப்பும் சலவைச் சோடாவும் போட்டு ஒரு ராத்திரி ஊறவைத்தேன். பருத்திக்கு இது போதும். இதே பொட்டலத்தில் சாட்டின் ரிப்பனையும் போட்டேன், பாலியஸ்டரில் துளிகூட ஒட்டவில்லை.

விழாவுக்கு முந்தின ஞாயிறு வைத்தீஸ்வரன்கோவில் போய்வந்தோம். புள்ளிருக்குவேளூரில் 'புள்' சடாயுதான். ராமன் அவருக்கு எரியூட்டிய இடம் என்று சடாயு குண்டத்தைக் காட்டுவார்கள். காஞ்சிபுரம் பக்கம் திருப்புட்குழிக்காரர்களும் அதே உரிமையைச் சொல்வார்கள். எனக்கு எது பஸ்ஸுக்குப் பக்கமோ அதுவே உண்மை.

அன்றைக்கு மேடையில் பையன் கையை விரித்தபோது முன்வரிசைக் குழந்தைகள் பின்னால் சாய்ந்தார்கள். எட்டரை அடி. நான் இறகைப் பார்க்கவில்லை, அவன் இடது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் அடி, கை ஒரு விரற்கடை ஏறியது. இரண்டாவது அடியில் வாள் கடந்தது. பிரேக் அழுத்துகிற 'டக்' எனக்கு மட்டும் கேட்டிருக்கும். மூன்றாவது அடிக்கு இறக்கை சரிந்து, ஈர்க்குகள் சலசலக்க, சிவப்பு நீண்டுகொண்டே போய்த் தரையில் விழுந்தது. கூட்டத்தில் யாரோ ஒரு பாட்டி "ஐயோ" என்றார். ராவணன் அந்தச் சிவப்பில் கால் மாட்டித் தடுக்கினான், ஆனால் சமாளித்து அதை எத்திவிட்டுப் போனதில் இன்னும் கொடூரனாகத் தெரிந்தான். ஐயா அதை அடுத்த தடவைக்கு நாடகத்திலேயே எழுதிவிட்டார்.

மொத்தச் செலவு 1,840 ரூபாய், எருமைப்பால் சேர்த்து. அடுத்த தடவைக்கு மாற்ற வேண்டியது ஒன்றுதான்: தோள் படும் இடத்தில் உள்ளே ஒரு லைனிங் துணி. வியர்வையில் கடுக்காய்க் கறுப்பு இளகி, பையனின் இரண்டு தோளிலும் முதுகிலும் இறகு இறகாக அச்சு விழுந்துவிட்டது. உடம்பில் இருந்தது நாலு குளியலில் போயிற்று. பனியனில் எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தேய்த்தேன், பாதி வெளுத்தது. மீதியைத் தேய்க்க வேண்டாம் என்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டான்.